பூணூல் போட்டுக்கொள்ள மறுத்த சிறுவன்: குரு நானக் சரித்திரம்

நம் இதழில் ஆழ்வார்கள், நாயன்மார்கள், ஆசார்ய புருஷர்கள், சங்கீத மும்மூர்த்திகள் என்று பலருடைய சரித்திரங்கள் வருவதுண்டு. இம்முறை சற்று வடக்கே போய்வரலாம் என்று நினைக்கிறேன். வருஷா வருஷம் ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்றிக்கொள்ளும் நாம், அதைப் போட்டுக்கொள்ளவே மாட்டேன் என்று சொன்ன ஒருவருடைய கதையையும் ஒரு தடவை நிதானமாகப் படிப்பதில் தவறில்லை. அவருக்கும் நம் கர்நாடகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

குரு நானக் பிறந்தது 1469ஆம் ஆண்டு, லாகூருக்கு மேற்கே தல்வண்டி என்ற கிராமத்தில். இன்று அந்த ஊருக்கு அவர் பெயரே வந்து, நன்கானா சாஹிப் என்று பாகிஸ்தானில் இருக்கிறது. தகப்பனார் மேத்தா காலூ, கிராமத்துக் கணக்கர்; நம் பக்கத்துக் கர்ணம் உத்தியோகம் மாதிரி. தாயார் திருப்தா. அக்கா நானகி. கத்ரி ஜாதி, பேதி குலம். பேதி என்பது வேதி, அதாவது வேதம் அறிந்தவர்கள் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆகவே பூணூல் அந்த வீட்டுக்கு அந்நியமான வஸ்து அல்ல.

பத்து வயதை ஒட்டிய பருவத்தில் உபநயனத்துக்கு ஏற்பாடாயிற்று. உறவினர்கள் கூடியிருந்தார்கள். ஹர்தயாள் என்ற புரோகிதர் பூணூலை எடுத்துக் கழுத்தில் போட வந்தபோது, பையன் தடுத்து விட்டான். இது அழுக்காகும், அறுந்துபோகும், உடம்போடு சேர்ந்து எரிந்தும் போகும். தயையைப் பஞ்சாகவும் திருப்தியை நூலாகவும் கொண்ட பூணூல் உங்களிடம் இருந்தால் அதைப் போடுங்கள் என்று கேட்டான். இந்தக் கருத்து பின்னாளில் அவர் பாடிய ஆஸா தீ வார் என்ற நீண்ட பாடலில் இடம் பெற்றிருக்கிறது. பொற்கோயிலில் அதிகாலையில் தினமும் பாடப்படும் கீர்த்தனம் அது.

இதே கருத்து நமக்குப் புதிதா என்றால், இல்லை. வெளியே இருக்கும் சூத்திரத்தை விட்டு, பிரம்ம ஞானத்தையே சூத்திரமாகத் தரிக்க வேண்டும் என்று நம் பிரம்மோபநிஷத்தே சொல்கிறது. ஆனால் அது சன்யாசம் வாங்கிக்கொள்பவருக்குச் சொன்னது. நானக் அதை இல்லறத்தில் இருப்பவனுக்கும், படிக்காத குடியானவனுக்கும், பெண்ணுக்கும் சேர்த்துச் சொன்னார். வித்தியாசம் அங்கேதான்.

என் பேரனின் உபநயனத்துக்கு முதல் நாள் இந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். என் சகதர்மிணிக்குப் பிடிக்கவில்லை. பூணூல் போடுகிற சமயத்தில் சொல்கிற கதையா இது என்று கோபித்துக்கொண்டாள். எனக்கோ போடுகிற சமயத்தில்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. பையன் யோசித்துவிட்டு, நான் போட்டுக்கொள்கிறேன் தாத்தா, ஆனால் அந்தத் தயை விஷயத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்றான். எத்தனை நாள் ஞாபகம் இருக்குமோ, பார்க்கலாம்.

மீண்டும் தல்வண்டிக்கு வருவோம். பையனுக்கு மாடு மேய்ப்பதிலும் மனம் செல்லவில்லை, வியாபாரத்திலும் செல்லவில்லை. தகப்பனார் இருபது ரூபாய் கொடுத்து லாபகரமாக ஏதாவது வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். வழியில் பட்டினியாக இருந்த சாதுக்களைக் கண்டு, அவ்வளவு பணத்துக்கும் சாப்பாடு வாங்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார் நானக். தகப்பனாரிடம் அடி கிடைத்தது. சீக்கியர்கள் இதை ஸச்சா ஸௌதா, உண்மையான வியாபாரம் என்கிறார்கள். இன்று உலகமெங்கும் குருத்வாராக்களில் நடக்கும் லங்கர் என்ற அன்னதானத்துக்கு இந்த இருபது ரூபாய்தான் மூலதனம் என்பது அவர்கள் நம்பிக்கை.

அக்கா நானகியின் கணவர் ஜெயராம், சுல்தான்பூரில் தௌலத் கான் லோடி என்ற நவாபிடம் உத்தியோகத்தில் இருந்தார். அவர் சிபாரிசில் நானக்குக்கு அரசாங்கத் தானியக் கிடங்கில் வேலை கிடைத்தது. என் போன்ற ரிடையரான சர்க்கார் ஆசாமிக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். தானியம் அளக்கும்போது எண்ணிக்கொண்டே வருவார். பஞ்சாபியில் பதின்மூன்றுக்கு தேரா என்று பெயர். உன்னுடையது என்பதற்கும் தேராதான். பதின்மூன்று வந்ததும் எல்லாம் உன்னுடையதே என்ற நினைவில் தேரா, தேரா என்று சொல்லிக்கொண்டே அளந்து கொட்டிவிடுவாராம். புகார் போகாமல் இருக்குமா? நவாப் ஆடிட் வைத்தார். கணக்கில் குறை எதுவும் இல்லை என்று வந்தது. இருப்பு அதிகமாகவே இருந்தது என்றும் சொல்கிறார்கள். அதிகமாக இருந்தாலும் ஆடிட்டில் விளக்கம் கேட்பார்கள் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்!

சுலக்கணி என்ற பெண்ணை மணந்து, ஸ்ரீசந்த், லக்மீதாஸ் என்று இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். சுமார் முப்பது வயதில், ஒரு விடியற்காலையில் பேயின் என்ற சிற்றாற்றில் குளிக்க இறங்கியவர் வெளியே வரவில்லை. மூழ்கிப் போய்விட்டார் என்று தேடினார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். வந்தவர் முதலில் சொன்னது, ஹிந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை என்பதுதான். வேலையை விட்டுவிட்டார்.

நவாபும் காஜியும், அப்படியானால் எங்களோடு தொழுகைக்கு வா என்றார்கள். போனார். அவர்கள் மண்டியிட்டபோது நானக் சும்மா நின்றார். ஏன் தொழவில்லை என்று கேட்டதற்கு, காஜியின் மனம் வீட்டில் புதிதாகப் பிறந்த குதிரைக்குட்டி கிணற்றில் விழுந்துவிடுமோ என்பதில் இருந்தது, நவாபின் மனம் காபூலில் குதிரை வாங்குவதில் இருந்தது, நான் யாரோடு தொழுவது என்றாராம். மொபைல் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸந்தியாவந்தனம் செய்யும் நமக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை.

அதன் பிறகு ஏறத்தாழ இருபது வருஷங்களுக்கு மேல் ஊர் ஊராகப் பயணம். உதாஸி என்று அவற்றைச் சொல்கிறார்கள். கூடவே போனவர் மர்தானா. அதே தல்வண்டியில் பிறந்த முஸ்லிம். பரம்பரையாகப் பாடிப் பிழைக்கும் மிராசி வகுப்பு. நானக் பாடுவார், மர்தானா ரபாப் என்ற தந்தி வாத்தியத்தை வாசிப்பார். இதைப் படித்தபோது எனக்குத் திருஞானசம்பந்தரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும்தான் நினைவுக்கு வந்தார்கள். வேதியர் குலத்துப் பிள்ளை பாட, பாணர் குலத்துப் பெரியவர் யாழில் இசைத்துக் கூடவே நடந்த காட்சி, பஞ்சாபில் எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு மறுபடி நடந்திருக்கிறது. நம் தேவாரம் பண் வாரியாக வகுக்கப்பட்டிருப்பது போலவே குரு கிரந்த சாஹிபும் 31 ராகங்களின்படி வகுக்கப்பட்டிருக்கிறது. நானக்கின் பாடல்கள் மட்டும் 974. நாதமுனிகள் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்தது போல, நம்பியாண்டார் நம்பி திருமுறையைத் தொகுத்தது போல, ஐந்தாவது குரு அர்ஜன் 1604இல் இதைத் தொகுத்து அமிர்தசரஸில் வைத்தார். அதில் குருமார்களின் பாடல்கள் மட்டும் அல்ல. கபீர், பண்டரிபுரத்து நாமதேவர், தோல் தொழில் செய்த ரவிதாஸ், ஸூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரும் உள்ளே இருக்கிறார்கள். வேறு சமயத்தவருடைய வாக்கைத் தன் வேதத்துக்குள்ளேயே வைத்துப் பூஜிக்கும் மதம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பயணக் கதைகள் எல்லாம் ஜனம்ஸாகி என்ற நூல்களில் வருபவை. அவை நானக்கின் காலத்துக்குப் பின்னால் பக்தர்கள் எழுதியவை. நம் குருபரம்பரைப் பிரபாவம் போல. ஸயன்ஸ் படித்தவனான நான் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். மெக்காவில் அவர் காலை எந்தப் பக்கம் திருப்பினாலும் காபா அந்தப் பக்கம் திரும்பியது என்ற கதையில், காபா திரும்பியதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கடவுள் இல்லாத திசையைக் காட்டினால் அந்தப் பக்கம் காலை நீட்டிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதாக வரும் பகுதிதான் முக்கியம். கோயிலில் காலை நீட்டியதற்குக் கேள்வி கேட்கப்பட்ட ஔவையாரைப் பற்றியும் நம் ஊரில் இப்படி ஒரு கதை உலவுகிறது.

ஹரித்வார் கதை நம்மை நேராகத் தொடுவது. கங்கையில் நின்று எல்லாரும் கிழக்கே பார்த்து முன்னோர்களுக்கு ஜலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நானக் மேற்கே பார்த்துத் தண்ணீரை வாரி இறைத்தார். என்ன செய்கிறாய் என்றதற்கு, பஞ்சாபில் என் வயல் காய்கிறது, அதற்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன் என்றார். சிரித்தார்கள். பித்ருலோகம் வரை போகிற தண்ணீர் என் வயலுக்குப் போகாதா என்று கேட்டார்.

நான் அமாவாசைத் தர்ப்பணம் இன்றும் விடாமல் செய்பவன். முதலில் இதைப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டது பௌதிகக் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. எள்ளும் தண்ணீரும் எங்கோ போய்ச் சேருகிறது என்பதற்காக நான் தர்ப்பணம் செய்யவில்லை. தகப்பனார், பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் என்று மூன்று தலைமுறையின் பெயரை மாதம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியாததால் செய்கிறேன். ஆனால் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாமல், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய வாத்தியாரின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து முடிக்கும் தர்ப்பணத்தை நானக் முன்னால் நின்று நியாயப்படுத்த என்னால் முடியாது.

தீட்டு விஷயத்திலும் அவர் இதே போல்தான். பிறப்புத் தீட்டு என்று ஒன்று இருந்தால், விறகிலும் வறட்டியிலும் புழு பிறக்கிறதே, தானியத்தில் உயிர் இருக்கிறதே, தண்ணீரே முதல் உயிர் ஆயிற்றே, சமையலறையில் எப்போதுதான் தீட்டு இல்லை என்பது அவர் வாதம். பெண்ணிடம் பிறந்துவிட்டுப் பெண்ணைத் தாழ்வாகச் சொல்வது எப்படி என்றும் கேட்டிருக்கிறார். பயாலஜி வாத்தியார் கேட்பது போன்ற கேள்விகள்.

தெற்கே வந்தார் என்பதும் மரபு. ராமேஸ்வரத்திலும் அவர் நினைவாக ஒரு குருத்வாரா இருக்கிறது. இலங்கைக்கும் போனதாகச் சொல்கிறார்கள். நம் மாநிலத்தில் பீதர். பெங்களூரிலிருந்து 700 கிலோமீட்டர் தூரத்தில், மாநிலத்தின் வடக்கு மூலை. அங்கே தண்ணீர் உவர்ப்பாக இருந்து ஜனங்கள் கஷ்டப்பட்டபோது, நானக் பாதத்தால் ஒரு கல்லை நகர்த்த நல்ல தண்ணீர் ஊற்றெடுத்தது என்பது ஐதீகம். நானக் ஜீரா சாஹிப் என்ற பெரிய குருத்வாரா அங்கே இருக்கிறது. ஜீரா என்றால் ஊற்று. உத்தியோக நிமித்தம் பீதர் போனபோது பார்த்திருக்கிறேன். நான் பி.எஸ்.ஸி.யில் படித்தது ஜியாலஜி. பீதர் பீடபூமியின் மேல்பகுதி செம்பூரான் கல். தேன்கூடு மாதிரி துவாரங்கள் நிறைந்தது. மழைத் தண்ணீர் அதில் இறங்கி, அடியில் உள்ள களிமண் பட்டையில் தடைப்பட்டு, பாறையின் ஓரத்தில் ஊற்றாக வெளிவரும். இதைக் கூட வந்த சீக்கிய நண்பரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எந்தக் கல்லை நகர்த்த வேண்டும் என்று குருவுக்குத் தெரிந்திருந்ததே என்றார். மேற்கொண்டு நான் விளக்கவில்லை. தண்ணீர் நன்றாக இருந்தது.

அதே பீதர் மாவட்டத்தில்தான் பஸவகல்யாணும் இருக்கிறது. நானக்குக்கு முந்நூறு வருஷம் முன்பு, பன்னிரண்டாம் நூற்றாண்டில், பிராமணக் குடும்பத்தில் பிறந்து உபநயனம் வேண்டாம் என்று வெளியேறியவர் பஸவண்ணர். உழைத்துச் சாப்பிடு என்ற காயகமும், உள்ளதைப் பகிர்ந்து கொடு என்ற தாஸோஹமும் அவர் கற்பித்தவை. நானக் கற்பித்த மூன்றும் ஏறக்குறைய அவையே: நாம ஜபம், நேர்மையான உழைப்பு, பகிர்ந்து உண்ணல். ஒருவரை மற்றவர் அறிந்திருந்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. வித்தியாசமும் பெரியது. பஸவண்ணரின் அடியார்கள் கழுத்தில் இஷ்டலிங்கம் தரிப்பார்கள். நானக் எந்த ரூபத்தையும் வைத்துக்கொள்ளவில்லை.

பீதர் பிறகும் சீக்கிய சரித்திரத்தில் வருகிறது. 1699இல் பத்தாவது குரு கோவிந்த் சிங், ஆனந்தபூரில் தலையைக் கேட்டபோது எழுந்து வந்த ஐவரில் ஒருவர் ஸாஹிப் சிங், பீதரைச் சேர்ந்த நாவிதர். மற்றவர்கள் லாகூர், ஹஸ்தினாபூர், துவாரகை, பூரி ஜகந்நாதம் ஆகிய ஊர்க்காரர்கள்.

இனி அவருடைய கொள்கையைப் பற்றிக் கொஞ்சம். குரு கிரந்த சாஹிபின் தொடக்கமே ஒன்று என்ற எண்ணும், ஓங்காரத்தைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்த சின்னம். இக் ஓங்கார் என்று படிக்க வேண்டும். ஓங்காரம் நமக்குத் தெரிந்ததே. அதன் முன்னால் ஓர் எண்ணைப் போட்டதுதான் நானக்கின் முத்திரை. அந்த ஒன்று பிறப்பதில்லை. ஆகவே அவதாரங்களுக்கு வழிபாடு இல்லை. ராமா, ஹரி, கோவிந்தா என்ற நாமங்கள் பாடல்கள் முழுவதும் வருகின்றன, ஆனால் தசரதகுமாரனைக் குறிப்பதாக அவர்கள் கொள்வதில்லை. கர்மாவும் மறுபிறவியும் உண்டு. இஸ்லாமிலிருந்து பிரியும் இடம் அது. விக்கிரகமும் ஜாதியும் இல்லை. நம்மிடமிருந்து பிரியும் இடம் அது. இரண்டையும் கலந்து செய்தது சீக்கிய மதம் என்று சிலர் எழுதுவதைச் சீக்கியர்கள் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. கலவை என்றால் புதிதாக ஒன்றும் இருக்காது. இங்கே இருக்கிறது.

முயற்சியா, அருளா என்ற கேள்விக்கு நானக்கின் பதில் சுவாரசியமானது. நல்ல கர்மாவால் மனிதப் பிறவி கிடைக்கும். மோட்ச வாசல் திறப்பது அவன் கடாட்சத்தால் மட்டுமே. ஸ்ரீவைஷ்ணவ வாசகர்களுக்கு உடனே வடகலையின் குரங்குக்குட்டியும் தென்கலையின் பூனைக்குட்டியும் நினைவுக்கு வரும். நானக் எந்தக் கலை என்று என் நண்பர்கள் இருவர் ஒரு மாலை முழுக்க வாதாடினார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

1520ஐ ஒட்டி பாபரின் படை பஞ்சாபுக்குள் நுழைந்து ஸைத்பூரை அழித்தது. நானக் அதைக் கண்ணால் பார்த்தவர். சிறைப்பட்டார் என்றும் மரபு. அது பற்றிய அவருடைய பாடல்களில், இத்தனை பேர் கதறியபோது உனக்கு வலிக்கவில்லையா என்று கடவுளிடமே கேட்டுவிடுகிறார். பணிவே உருவானவர் அந்த ஓர் இடத்தில் குரலை உயர்த்துகிறார்.

பயணங்கள் முடிந்து ராவி நதிக்கரையில் கர்த்தார்பூர் என்ற ஊரை ஏற்படுத்தி, காஷாயம் கட்டாமல், ஏர் பிடித்து உழுது, குடும்பத்தோடு வாழ்ந்தார். காலையும் மாலையும் கீர்த்தனம், பிறகு எல்லாருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. மூத்த பிள்ளை ஸ்ரீசந்த் துறவி, பக்திமான். ஆனாலும் நானக் பீடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. வருஷந்தோறும் தேவி தரிசனத்துக்கு யாத்திரை போய்க்கொண்டிருந்த லஹணா என்ற சிஷ்யருக்கு அங்கத் என்று பெயரிட்டு, அவரைக் குருவாக்கி அவர் முன்னால் தானே வணங்கினார். நான்காவது குருவுக்குப் பிறகு பீடம் ஒரே குடும்பத்தில் தங்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசியில் 1708இல் கோவிந்த் சிங், இனி கிரந்தமே குரு என்று மனிதக் குருபரம்பரையை முடித்துவைத்தார்.

1539 செப்டம்பர் 22 அன்று நானக் மறைந்தார். தகனமா அடக்கமா என்று ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சச்சரவிட, போர்வையை விலக்கிப் பார்த்தால் பூக்கள்தான் இருந்தன என்பது கதை. கபீரைப் பற்றியும் இதே கதை உண்டு. கர்த்தார்பூரில் இன்றும் அவருக்குச் சமாதியும் கல்லறையும் இரண்டும் இருக்கின்றன. 550ஆவது ஆண்டை ஒட்டி 2019 நவம்பரில் எல்லையிலிருந்து அங்கே செல்ல வழி திறக்கப்பட்டது. 2020இல் கொரோனாவாலும் 2025 மே மாதத்தில் இரு நாடுகளின் மோதலாலும் மூடப்பட்டது.

பூணூலில் தொடங்கியதால் இன்னும் ஒரு சம்பவம் பாக்கி இருக்கிறது. நானக்குக்குப் பின் ஒன்பதாவதாக வந்தவர் குரு தேக் பஹதூர். ஔரங்கசீப் காலத்தில் மதம் மாறும்படி நெருக்கப்பட்ட காஷ்மீர பண்டிதர்கள் ஆனந்தபூருக்கு வந்து அவரிடம் முறையிட்டார்கள் என்பது சீக்கிய மரபு. 1675 நவம்பரில் டில்லி சாந்தினி சௌக்கில் அவர் தலை வெட்டப்பட்டது. இன்று அங்கே சீஸ் கஞ்ச் குருத்வாரா நிற்கிறது. அவர் மகன் கோவிந்த் சிங்கின் பெயரில் வழங்கும் பசித்தர் நாடக் என்ற நூல், அவர்களுடைய திலகத்துக்காகவும் பூணூலுக்காகவும் அவர் உயிர் கொடுத்தார் என்று பதிவு செய்கிறது. முதல் குரு வேண்டாம் என்று தள்ளிய நூல், ஒன்பதாம் குரு தாம் அணியாத நூல். அதை மற்றவர்கள் அணியும் உரிமைக்காகத் தலையைக் கொடுத்தார். நம் உபநயனப் பத்திரிகைகளில் அவர் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

பெங்களூரில் இருக்கும் அங்கத்தினர்கள் அல்சூர் ஏரிக்கரையில், கென்சிங்டன் ரோடில் உள்ள குருத்வாராவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். நமக்கு அங்கே பல விஷயங்கள் பழக்கமானவையாகவே இருக்கும். விடியற்காலையில் கிரந்தத்தைத் திறந்து வைப்பது நம் திருப்பள்ளியெழுச்சி. இரவில் மூடித் தனி அறைக்கு எழுந்தருளப் பண்ணுவது பள்ளியறை சேவை. மேலே விதானம், பக்கத்தில் சாமரம். ஜப்ஜி காலையில், ரெஹ்ராஸ் மாலையில், ஸோஹிலா தூங்கப்போகும் முன் என்று மூன்று வேளைப் பாராயணம். கடா பிரசாதம் கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு. நம் கேசரி மாதிரி, கலர் போடாமல். லங்கர் முழுக்க சைவச் சாப்பாடு, பயம் வேண்டாம். பரிமாறுபவர் பெரிய ஆபீசராக இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர் வெளியே ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தவராக இருப்பார். யார் எந்த ஜாதி என்று தெரிந்துகொள்ள அங்கே வழியே இல்லை.

செருப்பை வெளியே விட்டு, கைகால் கழுவிக்கொண்டு, தலையை மூடிக்கொள்ள வேண்டும். புருஷர்களுக்கு ஒரு பெரிய கைக்குட்டை போதும். ஸ்திரீகளுக்குப் புடவைத் தலைப்பே போதும். ரொட்டி கொண்டுவரும்போது தட்டைக் காட்டாமல் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் அங்கே வழக்கம்.